கேம் கன்ட்ரோலரில் பேட்டரி உள்ளேயே இருப்பது நல்லதா, கழற்றி மாற்றுவது நல்லதா?

தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில் உள்ள சாட்ஸ்வொர்த்திலிருந்து ஒரு சகோதரி கேட்டிருக்கிறார்: "வீட்டில் இரண்டு பையன்கள். வயர்லெஸ் கேம் கன்ட்ரோலர் வாங்கி இரண்டரை வருடம் ஆகிறது. இப்போது இரவு முழுக்கச் சார்ஜ் போட்டாலும் ஒரு மணி நேரம்கூட நிற்பதில்லை. கடையில் காட்டினால், பேட்டரி உள்ளேயே இருக்கிறது, மாற்ற முடியாது, புதிது வாங்குங்கள் என்கிறார்கள். அடுத்ததும் இப்படி ஆகிவிடக் கூடாது. பென்சில் பேட்டரி போடுகிற மாதிரி வாங்கட்டுமா, உள்ளேயே பேட்டரி உள்ளதை வாங்கட்டுமா?"

சகோதரி, நீங்கள் ஒரு கேள்விபோல எழுதியிருந்தாலும் இதில் இரண்டு கேள்விகள் இருக்கின்றன. அடுத்து எதை வாங்குவது என்பது வெளியே தெரிகிற கேள்வி. கையில் இருப்பது உண்மையிலேயே செத்துவிட்டதா, கடைக்காரர் சொன்னது சரிதானா என்பது உள்ளே இருக்கிற கேள்வி. உங்கள் பணம் தங்கியிருப்பது அந்த இரண்டாவதில்தான். அதனால் இரண்டுக்கும் சேர்த்தே எழுதுகிறேன், கொஞ்சம் நீளமாகப் போகும்.

நான் டர்பனில் பழுதுபார்க்கும் பட்டறையில் 17 வருடமாக உட்கார்ந்திருக்கிறேன். அதற்கு முன்னால் ஊரில் எலக்ட்ரானிக்ஸ் டிப்ளமோ படித்தேன். போன், லேப்டாப், இன்வெர்ட்டர் என்று எல்லாம் வரும். பள்ளி விடுமுறை முடிகிற வாரத்தில் கன்ட்ரோலர்கள்தான் மேஜை நிறையக் கிடக்கும். கீழே சொல்வதில் பேட்டரியின் இயல்பு பற்றிய பகுதி பாடப்புத்தகத்திலேயே உள்ளது, அதில் சந்தேகம் இல்லை. எது முதலில் கெடும், எதை வாங்கலாம் என்று சொல்கிற பகுதி என் மேஜைக்கு வந்த சாமான்களை வைத்துச் சொல்வது. என்னிடம் கெட்டுப்போனவை மட்டும்தானே வரும், நன்றாக ஓடுகிறவை வராது. அதை மனதில் வைத்துக்கொண்டு படியுங்கள்.

முதலில் ஒரு தவறான எண்ணத்தை எடுத்துவிடுகிறேன். பென்சில் பேட்டரி கன்ட்ரோலர் நீண்ட நேரம் நிற்கும், உள்ளே பேட்டரி உள்ளது சீக்கிரம் தீரும் என்று பலர் நினைக்கிறார்கள். கணக்குப் போட்டுப் பார்ப்போம். பென்சில் பேட்டரி என்று நாம் சொல்வது ஏஏ செல். சார்ஜ் போடக்கூடிய நல்ல ஏஏ செல் ஒன்று 1.2 வோல்ட், கொள்ளளவு சுமார் 2000 மில்லி ஆம்பியர் மணி. இரண்டு போட்டால் மொத்தம் 4.8 வாட் மணி ஆற்றல். நின்டெண்டோ ஸ்விட்ச் ப்ரோ கன்ட்ரோலரின் உள்ளே இருக்கிற லித்தியம் பேட்டரி 3.7 வோல்ட், 1300 மில்லி ஆம்பியர் மணி. பெருக்கினால் அதுவும் 4.8 வாட் மணிதான். இரண்டு பென்சில் செல்லில் ஓடுகிற இப்போதைய எக்ஸ்பாக்ஸ் கன்ட்ரோலருக்கும் 40 மணி நேரம் வரை என்று அதன் கம்பெனி சொல்கிறது, ஸ்விட்ச் ப்ரோவுக்கும் 40 மணி நேரம் என்று அதன் கம்பெனி சொல்கிறது. அப்புறம், ப்ளேஸ்டேஷன் 5 உடன் வரும் டூயல்சென்ஸைப் பாருங்கள்: 1560 மில்லி ஆம்பியர் மணி, கிட்டத்தட்ட 5.7 வாட் மணி. மூன்றிலும் இதுதான் பெரிய பேட்டரி. ஆனால் மூன்றிலும் சீக்கிரம் தீர்வதும் இதுதான். காரணம் பேட்டரி எங்கே இருக்கிறது என்பதில்லை. உள்ளே அதிர்வு மோட்டார், விரலுக்கு எதிராக அழுத்தம் கொடுக்கும் டிரிக்கர் மோட்டார், ஸ்பீக்கர், மைக், விளக்கு எல்லாம் இருக்கின்றன, எல்லாம் தின்கின்றன. ஆக, ஒரு சார்ஜுக்கு எத்தனை மணி நேரம் என்பதை வைத்து இந்த இரண்டு வகையை ஒப்பிடுவதில் பயனில்லை. இரண்டரை வருடம் கழித்துப் பேட்டரி தளர்ந்துபோகிற அன்றைக்கு உங்கள் வீட்டில் என்ன நடக்கிறது என்பதில்தான் வித்தியாசம்.

பேட்டரி தளர்வது எப்படி என்று தெரிந்தால் மற்றது எளிது. உள்ளே வைத்துக் கட்டப்படுவது பெரும்பாலும் லித்தியம் அயான். அதற்கு மூன்று விரோதிகள்: சூடு, முழுச் சார்ஜிலேயே கிடப்பது, ஒட்ட வடிந்து கிடப்பது. பயன்படுத்தினாலும் சரி, பயன்படுத்தாமல் அலமாரியில் வைத்தாலும் சரி, அது மெல்ல மெல்ல வயதாகிக்கொண்டே இருக்கும். பாதிச் சார்ஜில் குளிர்ந்த இடத்தில் இருந்தால் மெதுவாக வயதாகும். முழுச் சார்ஜில், டிவிக்குப் பின்னால் கன்சோல் (விளையாட்டுப் பெட்டி) ஊதும் சூட்டுக் காற்றில், நம் ஊர் பிப்ரவரி வெக்கையில் இருந்தால் வேகமாக வயதாகும். 300 முதல் 500 முறை முழுதாக ஏற்றி இறக்கினால் ஐந்தில் ஒரு பங்கு கொள்ளளவு போவது இந்த வகைக்குச் சாதாரணம். உங்கள் பையன்கள் இரண்டு பேரும் ஒன்றையே தினமும் பயன்படுத்தினால் இரண்டரை வருடத்தில் அந்த எண்ணிக்கையை எட்டியிருக்கக்கூடும். ஆனால் ஐந்தில் ஒரு பங்கு போவதற்கும், பல மணி நேரம் நின்றது ஒரு மணி நேரமாகச் சுருங்குவதற்கும் தூரம் அதிகம். வயது மட்டும் அப்படிச் செய்யாது. சூடோ ஒட்ட வடிந்து கிடந்ததோ இருந்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் குறை பேட்டரியிலேயே இல்லை.

மூன்றாவது விரோதியைப் பற்றி நம் ஊர்க்காரர்கள் யோசிப்பதே இல்லை. 2023 இல் லோட் ஷெட்டிங் (முறை வைத்துச் செய்யும் மின்வெட்டு) எப்படி இருந்தது என்று எல்லோருக்கும் நினைவிருக்கும். கன்சோலைப் போட்டாலே அரைகுறையாக நின்றுவிடுகிறது, ஹார்ட் டிஸ்க் கெட்டுவிடும் என்று பயந்து பல வீடுகளில் எடுத்து மூடி வைத்தார்கள். கன்ட்ரோலர்கள் வடிந்த நிலையிலேயே இழுப்பறைக்குள் போயின. எட்டு மாதம், பத்து மாதம் கழித்து எடுத்தபோது பல பேட்டரிகள் சார்ஜே ஏறவில்லை. லித்தியம் செல் ஓர் அளவுக்குக் கீழே வடிந்து அப்படியே மாதக்கணக்கில் கிடந்தால் உள்ளே இருக்கும் செம்புத் தகடு கரைய ஆரம்பிக்கும். பிறகு சார்ஜ் போட்டால் அந்தச் செம்பு கண்ட இடத்தில் படிந்து உள்ளுக்குள்ளேயே ஷார்ட் ஆகலாம். அதனால்தான் நல்ல சார்ஜிங் சர்க்யூட் அந்த நிலையில் சார்ஜ் ஏற்ற மறுக்கிறது. மறுப்பதைக் கெட்டதாக எண்ணி, வேறு ஏதாவது வழியில் வலுக்கட்டாயமாக ஏற்றிப் பார்க்காதீர்கள். கன்ட்ரோலரைக் கொஞ்ச நாள் எடுக்கப்போவதில்லை என்றால் பாதிச் சார்ஜில் வைத்துவிட்டு, மூன்று நான்கு மாதத்துக்கு ஒருமுறை அரை மணி நேரம் சொருகினால் போதும்.

இப்போது என் மேஜைக்கு வருகிற விஷயம். "பேட்டரி போச்சு" என்று கொண்டுவருகிற உள்-பேட்டரி கன்ட்ரோலர்களில் கணிசமானவற்றில் பேட்டரி நன்றாகத்தான் இருக்கும். போயிருப்பது சார்ஜ் சொருகும் வாய். யோசித்துப் பாருங்கள்: பேட்டரி உள்ளேயே இருந்தால் தினமும் அந்த வாயில் ஒரு ஒயரைச் சொருகி இழுக்க வேண்டும். பையன்கள் சார்ஜ் ஏறும்போதே விளையாடுவார்கள், ஒயர் காலில் மாட்டும், கன்ட்ரோலர் சோபாவிலிருந்து விழும்போது ஒயரோடு விழும். பழைய மைக்ரோ யுஎஸ்பி வாய் இதைத் தாங்காது. யுஎஸ்பி-சி எவ்வளவோ மேல், ஆனாலும் தூசியும் பஞ்சும் உள்ளே அடைத்துக்கொள்ளும். ஆக, உள்-பேட்டரி வாங்கினால் முதலில் தேய்வது வாய். பென்சில் செல் வகை வாங்கினால் முதலில் தேய்வது பின்மூடியும் செல்லைத் தொடும் ஸ்பிரிங்கும். ஸ்பிரிங்கைக் குறடால் நிமிர்த்தலாம், மூடி உடைந்தால் டேப் ஒட்டலாம். வாய் போனால் பெரும்பாலும் சால்டரிங் (ஈயப் பற்றவைப்பு) செய்யத் தெரிந்தவர் வேண்டும். இந்த ஒரு வித்தியாசத்தை எந்த விளம்பரத்திலும் சொல்ல மாட்டார்கள், எனக்கு இதுதான் பெரிய வித்தியாசமாகப் படுகிறது.

அதனால் புதிது வாங்கும் முன் வீட்டிலேயே ஒரு சோதனை செய்யுங்கள். வேறு ஒரு நல்ல ஒயர், வேறு ஒரு சாதாரண போன் சார்ஜர் எடுத்து, சார்ஜ் தீர்ந்த கன்ட்ரோலரைக் கடிகாரம் பார்த்துச் சார்ஜ் போடுங்கள். பத்து இருபது நிமிடத்திலேயே சார்ஜ் முடிந்தது என்று விளக்கு அணைந்தால் பேட்டரியின் கொள்ளளவு போய்விட்டது என்று வைத்துக்கொள்ளலாம். இரவு முழுக்கப் போட்டும் விளக்கு அணையவில்லை, அல்லது ஒயரை ஒரு பக்கமாக வளைத்துப் பிடித்தால்தான் ஏறுகிறது என்றால் வாயோ ஒயரோ காரணம். டார்ச் அடித்து வாய்க்குள் பாருங்கள், பஞ்சு இருந்தால் மரப் பல்குச்சியால் மெல்ல எடுங்கள், ஊசி வேண்டாம். இரவு முழுக்கக் கன்சோலிலேயே சொருகி வைக்கிறீர்கள் என்றால், கன்சோல் உறங்கும்போது அதன் யுஎஸ்பி துளைக்கு மின்சாரம் போகிறதா என்று செட்டிங்கில் பாருங்கள். அது அணைந்திருந்தால் இரவு முழுக்கச் சொருகியும், கன்சோல் உறங்கும் வரை ஏறிய சார்ஜ்தான் இருக்கும். இன்னொன்று: கட்டைவிரலால் தள்ளுகிற அனலாக் குச்சி தானாக ஒரு பக்கம் நகர்கிற கோளாறு இருந்தால் யாரோ விளையாடிக்கொண்டே இருப்பதாகக் கன்ட்ரோலர் நினைத்துக்கொள்ளும், தானாக அணையாது. விடிய விடிய எரிந்து வடிந்துபோன கன்ட்ரோலரைப் பேட்டரிக் கோளாறு என்று கொண்டுவந்தவர்கள் உண்டு.

சரி, பேட்டரிதான் போய்விட்டது என்று தெரிந்துவிட்டது. உள்ளே இருப்பதை மாற்ற முடியாது என்று கடைக்காரர் சொன்னது உண்மையா? பெரும்பாலான கன்ட்ரோலர்களுக்கு உண்மையில்லை. "உள்ளே இருக்கிறது" என்று ஒரே பெயரில் சொன்னாலும் உள்ளே பல படிகள் இருக்கின்றன. ஸ்விட்ச் ப்ரோவில் சில திருகாணிகளைக் கழற்றிப் பின்பக்கத்தை எடுத்தால் பேட்டரி ஒரு குழியில் உட்கார்ந்திருக்கும். அது நின்டெண்டோவின் பழைய 3டிஎஸ் கையடக்க விளையாட்டுக் கருவியில் போட்ட அதே பேட்டரி என்பதால் மாற்றுப் பேட்டரி தேடுவதும் எளிது. ப்ளேஸ்டேஷன் 4 இன் டூயல்ஷாக் 4 இல் பின்னால் நான்கு திருகாணிகள், பிறகு ஓரமெல்லாம் கொக்கிகள். திறந்தால் பேட்டரி சின்ன கனெக்டர் ஒன்றில் சொருகப்பட்டிருக்கும், சால்டரிங் கிடையாது. அதில் சார்ஜ் வாயும் தனிச் சின்ன சர்க்யூட் பலகையில் இருக்கிறது, அதையும் ஈயம் தொடாமல் மாற்றலாம். இந்த விஷயத்தில் அது மிக நல்ல வடிவமைப்பு. டூயல்சென்ஸில் கொஞ்சம் கூடுதல் வேலை: முன்பக்கக் கறுப்புப் பட்டையை எடுக்க வேண்டும், மேல்விளிம்பில் உள்ள எல்1, ஆர்1 பொத்தான்களையும் கழற்றினால்தான் அடியில் ஒளிந்திருக்கும் இரண்டு திருகாணிகள் தெரியும். பேட்டரி அங்கேயும் சொருகுவதுதான், ஆனால் யுஎஸ்பி-சி வாய் முக்கியப் பலகையிலேயே ஈயத்தால் பொருத்தப்பட்டிருக்கிறது. எக்ஸ்பாக்ஸ் எலைட் சீரிஸ் 2 பென்சில் செல்லை விட்டுவிட்டு உள்-பேட்டரிக்குப் போனது. அதைத் திறப்பது பொறுமைக்காரர் வேலை, முதல் அனுபவமாக அதை எடுக்காதீர்கள்.

பேட்டரி வாங்கும்போது கவனிக்க வேண்டியது கொஞ்சம் இருக்கிறது. ஒரே பெயருள்ள கன்ட்ரோலரிலும் தயாரிப்புக் காலத்தைப் பொறுத்துக் கனெக்டர் மாறும். டூயல்ஷாக் 4 இல் பின்பக்க லேபிளில் மாடல் எண் இசட்சிடி1 (ZCT1) என்று வந்தால் பெரிய கனெக்டர், இசட்சிடி2 (ZCT2) என்று வந்தால் சின்ன கனெக்டர். பேட்டரி ஒரே அளவுதான் இருக்கும், ஆனால் ஒன்றுக்கு வாங்கியது மற்றதில் சொருகாது. இதைப் பார்க்காமல் வாங்கிவிட்டுச் சொருக முடியாமல் என்னிடம் வருகிறவர்கள் நிறைய. அடுத்தது, கொள்ளளவு என்று மேலே அச்சிட்ட எண்ணை நம்பாதீர்கள். கம்பெனி 1000 என்று போட்ட இடத்தில் அதே பருமனில் 2500, 3000 என்று அச்சிட்ட பேட்டரிகள் விற்கின்றன. அதே இடத்தில் இரண்டரை மடங்கு ஆற்றலை அடைக்க வழியே இல்லை. கொஞ்சம் தடிமனாக இருந்தால் கொஞ்சம் கூடுதலாகத் தரும், அவ்வளவுதான். மூன்றாவது, மாற்றுப் பேட்டரியில் சிவப்பு, கறுப்பு ஒயர்கள் இடம் மாறி வந்ததை நானே பார்த்திருக்கிறேன். பழையதையும் புதியதையும் பக்கத்தில் வைத்து ஒயர் நிறம் ஒரே பக்கம் வருகிறதா என்று பாருங்கள், மல்டிமீட்டர் இருந்தால் அதிலும் பாருங்கள். கழற்றும்போது கனெக்டரைப் பிடித்து எடுக்க வேண்டும், ஒயரைப் பிடித்து இழுக்கக் கூடாது.

ஒரு விஷயத்தில் மட்டும் தயவுசெய்து நீங்களே கை வைக்காதீர்கள். கன்ட்ரோலரின் பின்பக்கம் உப்பியிருந்தால், இரண்டு பாதிக்கும் இடையில் புதிதாக இடைவெளி தெரிந்தால், உள்ளே பேட்டரி வீங்கியிருக்கிறது. சார்ஜ் போடுவதை அந்த நொடியே நிறுத்துங்கள். அழுத்தி மூடப் பார்க்க வேண்டாம், திருப்புளியால் நெம்ப வேண்டாம். குத்திவிட்டால் தீப்பிடிக்கும், அந்தப் புகையும் நச்சு. பழைய பிஸ்கட் டின்னில் மணல் போட்டு அதில் வைத்து, வீட்டுக்கு வெளியே நிழலில் வைத்துவிட்டு, தெரிந்தவரிடம் கொண்டுபோங்கள். சிறுவர்கள் இருக்கும் வீடு என்பதால் இதைச் சொல்லாமல் விட மனமில்லை.

இனி பென்சில் செல் பக்கம். அங்கே எல்லாம் சுகம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். என் மேஜையில் பென்சில் செல் கன்ட்ரோலர் செத்து வருவதற்கு முதல் காரணம் சார்ஜ் போட முடியாத சாதாரண அல்கலைன் செல் ஒழுகுவது. தீர்ந்த செல்லை உள்ளேயே விட்டுவிட்டு மாதக்கணக்கில் மறந்துவிட்டால் உள்ளே இருக்கும் பொட்டாசியம் ஹைட்ராக்சைடு கசிந்து, வெள்ளையாகப் பூத்து, ஸ்பிரிங்கைத் தின்றுவிடும். நம்மூர்க் கடல் காற்றும் ஈரமும் சேர்ந்தால் இன்னும் வேகம். லேசாகப் பூத்திருந்தால் காது குடையும் பஞ்சுக் குச்சியில் வினிகர் தொட்டுத் துடைத்து, பிறகு ஐசோப்ரொப்பைல் ஆல்கஹாலால் துடைத்துக் காயவிட்டால் சரியாகிவிடும். பலகை வரைக்கும் இறங்கிவிட்டால் காப்பாற்றுவது கஷ்டம்.

ஆகவே பென்சில் செல் வகை வாங்கினால் சார்ஜ் போடுகிற நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு செல்லையும் கூடவே வாங்குங்கள். அந்த வகை செல் ஒரு காலத்தில் சும்மா வைத்தாலே ஒரு மாதத்தில் கால் பங்கு வடிந்துவிடும். அதனால்தான் பலருக்கு அதன் மேல் வெறுப்பு. 2005 இல் சான்யோ கம்பெனி எனலூப் என்று ஒன்றைக் கொண்டுவந்த பிறகு அந்தக் குறை பெரும்பாலும் போய்விட்டது. இப்போது பானசோனிக் பெயரில் வருகிற அதன் சாதாரண வகையை 2000 தடவைக்கு மேல் சார்ஜ் போடலாம் என்று கம்பெனி கணக்குச் சொல்கிறது. அதே கம்பெனியின் கூடுதல் கொள்ளளவு வகை 2500 மில்லி ஆம்பியர் மணி தருகிறது, ஆனால் சார்ஜ் எண்ணிக்கை 500 என்று இறங்கிவிடும். கன்ட்ரோலருக்குச் சாதாரண வகையே போதும். 3500, 4000 என்று அச்சிட்ட ஏஏ செல் எந்தப் பெயரில் வந்தாலும் தொடாதீர்கள். இந்த வேதியியலில், இந்த அளவு உருளையில் 3000 ஐ எட்டுவதே இல்லை.

செல்லை விட முக்கியம் சார்ஜர். செல்லோடு இலவசமாக வருகிற மலிவுச் சார்ஜர் செல் நிறைந்ததா என்று பார்ப்பதில்லை, மணிக்கணக்கு வைத்து ஊற்றிக்கொண்டே இருக்கும். இரண்டு இரண்டாகத்தான் சார்ஜ் ஏற்றும். நல்ல சார்ஜர் ஒவ்வொரு செல்லையும் தனித்தனியாகக் கவனிக்கும். நிறைந்ததும் வோல்டேஜ் லேசாக இறங்குவதைக் கண்டுபிடித்து நிறுத்திவிடும். அதற்குக் கொஞ்சம் கூடுதலாகச் செலவழியுங்கள், ஒருமுறைதான். அப்புறம், ஜோடியை மாற்றாதீர்கள். இரண்டு செல்லும் தொடராக இருப்பதால், ஒன்று பழையது ஒன்று புதியது என்று போட்டால் பழையது முதலில் தீரும். புதியது அதன் வழியாகவே மின்சாரத்தைத் தள்ளி அதைத் தலைகீழாகத் திருப்பிவிடும். இரண்டு மூன்று முறை அப்படி ஆனால் அந்த செல் முடிந்தது. பையன்கள் பெயரைச் செல்லின் மேல் பேனாவால் எழுதி ஜோடி பிரியாமல் வைத்தால் போதும்.

ஒரு சின்னத் தொல்லை உண்டு. நிக்கல் செல்லின் வோல்டேஜ் கடைசி வரை ஏறக்குறைய ஒரே மட்டத்தில் ஓடிவிட்டு முடிவில் சட்டென்று விழும். அல்கலைன் செல்லோ தொடக்கத்திலிருந்தே சரிவாக இறங்கும். அல்கலைனை வைத்து அளவுகோல் அமைத்த கன்ட்ரோலர் நிக்கல் செல்லைப் பார்த்து வெகுநேரம் பாதி இருக்கிறது என்று காட்டும், பிறகு விளையாட்டின் நடுவில் அணைந்துவிடும். கன்ட்ரோலர் கெட்டுவிட்டது என்று பயப்பட வேண்டாம். யுஎஸ்பி வாயோடு வருகிற 1.5 வோல்ட் லித்தியம் ஏஏ செல்களில் இது இன்னும் அதிகம். உள்ளே ஒரு சர்க்யூட் கடைசி நொடி வரை 1.5 வோல்ட் கொடுத்துக்கொண்டே இருந்து திடீரென்று கையை விரித்துவிடும். அவற்றை நான் இப்போதைக்குப் பரிந்துரைப்பதில்லை. நல்லதும் இருக்கிறது, மோசமானதும் இருக்கிறது, வெளியே பார்த்து வேறுபாடு தெரிவதில்லை.

நடுவழியும் ஒன்று உண்டு. எக்ஸ்பாக்ஸுக்குப் பென்சில் செல் இடத்திலேயே பொருந்தும் சார்ஜ் பேக் தனியாக விற்கிறது. 8பிட்டோ கம்பெனியின் எஸ்என்30 ப்ரோ பிளஸ் கன்ட்ரோலரில் சார்ஜ் பேக் உள்ளே வரும், கையாலேயே அதை எடுத்துவிட்டு இரண்டு ஏஏ செல்லும் போடலாம். நினைத்துப் பார்த்தால் எல்லாக் கன்ட்ரோலரும் இப்படித்தான் இருந்திருக்க வேண்டும். ஐரோப்பிய ஒன்றியம் 2023 இல் கொண்டுவந்த பேட்டரிச் சட்டம், பயனீட்டாளரே கழற்றி மாற்றும்படி பேட்டரி இருக்க வேண்டும் என்று 2027 பிப்ரவரி முதல் கட்டாயமாக்குகிறது. தென்னாப்பிரிக்காவை அது கட்டுப்படுத்தாது. ஆனால் நமக்கென்று தனி வடிவம் எந்தக் கம்பெனியும் செய்வதில்லை, அங்கே மாறினால் இங்கேயும் அது வந்து சேர வாய்ப்பு அதிகம் என்பது என் கணிப்பு. அவசரமில்லாதவர்கள் விலை உயர்ந்த கன்ட்ரோலரை இப்போது வாங்காமல் கொஞ்சம் பொறுக்கலாம்.

லோட் ஷெட்டிங் நேரத்துக்கு எது வசதி என்றும் பலர் கேட்பார்கள். கன்சோலும் டிவியும் இன்வெர்ட்டரில் ஓடினால்தான் இந்தக் கேள்வியே எழும். அப்படி ஓடுகிற வீட்டில் பென்சில் செல்லுக்கு ஒரு வசதி: நான்கு செல் நிறைந்து அலமாரியில் தயாராக இருந்தால் பத்து நொடியில் மாற்றலாம். உள்-பேட்டரிக்குப் போன் பவர் பேங்கில் ஒயர் சொருகி விளையாடலாம், அதுவும் வேலை செய்யும். இதை வைத்து முடிவெடுக்காதீர்கள்.

சார்ஜை ஒட்ட இறக்கிவிட்டுத்தான் ஏற்ற வேண்டும் என்று உங்கள் வீட்டில் யாராவது சொல்லியிருப்பார்கள். அது பழைய நிக்கல் காட்மியம் செல் காலத்துப் பழக்கம். லித்தியத்துக்கு அது கெடுதல், நடுவில் எப்போது வேண்டுமானாலும் ஏற்றலாம். இரவு முழுக்கச் சொருகி வைத்தால் வெடித்துவிடும் என்பதும் நல்ல நிலையில் இருக்கும் பேட்டரிக்குப் பொருந்தாது, நிறைந்ததும் சர்க்யூட் நிறுத்திவிடும். ஆனால் தினமும் விடிய விடிய முழுச் சார்ஜில் கிடப்பதால் வயது கொஞ்சம் வேகமாக ஏறும். மாலையில் விளையாடி முடித்ததும் போட்டு, படுக்கும் முன் எடுத்துவிட்டால் நல்லது.

அடுத்து எதை வாங்குவது என்றால், முதலில் வீட்டில் என்ன கன்சோல் இருக்கிறது என்பதே பாதி முடிவைச் சொல்லிவிடும். ப்ளேஸ்டேஷன் என்றால் அந்தக் கம்பெனியின் கன்ட்ரோலரில் பென்சில் செல் என்ற தேர்வே கிடையாது. அங்கே புதிது வாங்குவதை விட இருப்பதில் பேட்டரி மாற்றுவதுதான் புத்திசாலித்தனம். எக்ஸ்பாக்ஸ் என்றால் சாதாரணக் கன்ட்ரோலரும் நான்கு நல்ல நிக்கல் செல்லும் நல்ல சார்ஜரும் வாங்குங்கள், இரண்டு பையன்களுக்கும் வருடக்கணக்கில் ஓடும். கம்ப்யூட்டர், போன் என்றால் உங்கள் விருப்பம். நான் என் அக்கா மகனுக்கு வாங்கியது பென்சில் செல் வகைதான். ஐந்து வருடத்தில் இரண்டு முறை செல் மாற்றினேன், கன்ட்ரோலர் அப்படியே இருக்கிறது. பெரியவர் ஒருவர் மட்டும் பயன்படுத்துவது, கவனமாகக் கையாள்வார் என்றால் உள்-பேட்டரியும் தாராளமாக வாங்கலாம். கை வைத்துத் திறக்க முடிகிற மாடலா என்று மட்டும் முன்பே பார்த்துக்கொள்ளுங்கள்.

பழைய பேட்டரியைக் குப்பைத் தொட்டியில் போடாதீர்கள். குப்பை லாரியில் நசுங்கினால் தீப்பிடிக்கும். பேட்டரிகளைக் குப்பை மேட்டில் கொட்டக் கூடாது என்று இந்த நாட்டில் 2021 முதல் விதியும் இருக்கிறது. பெரிய சூப்பர் மார்க்கெட் சிலவற்றின் வாசலில் பழைய பேட்டரிக்கும் பல்புக்கும் தனிப் பெட்டி வைத்திருக்கிறார்கள். முனைகளில் டேப் ஒட்டி அதில் போட்டுவிடுங்கள்.

உங்கள் கன்ட்ரோலரைக் கையில் எடுத்துப் பார்க்காமல் இதற்கு மேல் நான் உறுதியாகச் சொல்வது சரியாக இருக்காது. அந்தக் கடிகாரச் சோதனையைச் செய்துவிட்டு எத்தனை நிமிடத்தில் விளக்கு அணைந்தது என்று எழுதுங்கள். பின்பக்க லேபிளில் உள்ள மாடல் எண்ணையும் சேர்த்து எழுதினால், எந்தப் பேட்டரி, எந்தக் கனெக்டர், என்ன அளவுத் திருப்புளி என்று சொல்கிறேன்.